ஐந்து படத்துக்கு ஆறு ஆணி

அந்த அம்மாள் நாயின் வாயில் முத்தம் கொடுப்பாள். கன்னத்தில் இல்லை, நெற்றியில் இல்லை, வாயில். சற்று முன்புதான் அந்த வாய் வேறு ஓர் இடத்தை நக்கிக்கொண்டிருந்திருக்கும். எந்த இடம் என்று எழுத எனக்கு வெட்கம் உண்டு, நாய்க்குக் கிடையாது. தண்ணீர் மோட்டாரைப் போட நான் மாடிப்படி ஏறும்போதெல்லாம் இந்தக் கண்றாவியைப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். "குட் மார்னிங் சார்!" என்பாள், உதட்டைத் துடைக்காமல்.

தெலுங்கு நாட்டில், லோத்குண்டாவில், ராணுவ நிலத்தின் காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. ராமச்சந்திராபுரத்துப் பெரிய தொழிற்சாலையில் ஃபிட்டராக முப்பத்திரண்டு வருடம் கம்பெனி பஸ்ஸில் தூங்கித் தூங்கிப் போய் வந்து கட்டியது. ஓய்வு பெற்ற பிறகு மாடி எழுப்பினேன். அதில் வந்த முதல் வாடகைக்காரி அவள்தான். ஜெர்மன்காரி. ஜீடிமெட்லா பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரைகளின் தரத்தைப் பார்க்கிற வேலை. ஐம்பது வயதிருக்கும். ஆண்பிள்ளை மாதிரி வெட்டிய வெள்ளை முடி, சிவந்த கைகள், தனி ஆள். என் மனைவி அவளுக்குத் தொரசானி என்று பெயர் வைத்தாள். எனக்கு அவள் மேடம். நிஜப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பெயர் விஷயத்தில் அவளே அவ்வளவு கவலைப்பட்டவள் இல்லை; அது போகப் போகத் தெரியும்.

வீட்டுக்கு வந்த அன்றே, "சார், சுவரில் ஆணி அடிக்கலாமா?" என்று கேட்டாள். இங்கிலீஷில்தான் பேசுவாள்; நான் தமிழில் எழுதுகிறேன். புதுச் சுவர். எனக்கு மனசில்லை. ஆனாலும் கேட்டுவிட்டுச் செய்கிறாளே என்று என் டிரில் மெஷினை எடுத்துக்கொண்டு நானே மேலே போனேன். ஃபிட்டர் அடித்தால் ஒரே மட்டத்தில் இருக்கும். ஐந்து படங்களைக் கட்டிலில் பரப்பி வைத்திருந்தாள். ஒவ்வொன்றும் கண்ணாடி போட்ட மரச்சட்டம். உள்ளே ஒரு மிருகத்தின் புகைப்படம், அதற்குக் கீழே அந்த மிருகம் போட்டிருந்த கழுத்துப்பட்டை. துருக்கியில் ஒரு பூனை. கென்யாவில் ஒரு நாய். பெரு நாட்டில் இன்னொரு நாய். மற்ற இரண்டு, ஒரு முயலும் ஒரு ஆட்டுக்குட்டியும், எந்த நாடு என்று மறந்துவிட்டேன். ஐந்தின் அடியிலும் ஒரே பெயர். லூக்காஸ்.

"எல்லாம் லூக்காஸா?"

"எல்லாம் லூக்காஸ்," என்று சிரித்தாள். "ஒவ்வொரு நாட்டிலும் கடை புதுசு, தெரு புதுசு, பாஷை புதுசு. கூப்பிடுகிற பெயராவது பழசாக இருக்கட்டுமே."

ஐந்து துளை போட்டு முடித்தேன். ஆறாவது ஒன்று வேண்டும் என்றாள்.

"படம் ஐந்துதானே இருக்கு மேடம்?"

"அது இந்தியாவுக்கு."

துளை போட்டேன். ஆணி அடித்தேன். செத்துப்போன பிராணிகளின் ஞாபகம், பாவம், தனிக்கட்டை என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

பத்து நாளில் இந்தியா வந்து சேர்ந்தது. புது ஊருக்குக் குடிவருகிறவர்கள் கேஸ் சிலிண்டருக்கு அலைவார்கள், பால்காரனை விசாரிப்பார்கள். இவள் காம்பவுண்டுச் சுவரில் இடிந்து கிடக்கிற ஓட்டைக்குப் பக்கத்துச் சாக்கடையிலிருந்து ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். செம்மண் நிறம், உடம்பெல்லாம் சொறி. சட்டையோடு அணைத்துக்கொண்டு நின்றாள். சட்டையில் சாக்கடை வழிந்தது.

"சார், வேலையிலிருந்து திரும்பி வரும்போது எனக்காக யாராவது எழுந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு ஊரில் நான் எப்படி இருப்பது?" என்றாள்.

நாய் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வெளிநாட்டுக்காரி நம் வீட்டு மாடியில் இருக்கிறாள் என்று சர்ச்சில் சொல்லிக்கொள்வதில் எனக்கும் என் மனைவிக்கும் ஒரு கேவலமான பெருமை இருந்தது. அந்தப் பெருமைதான் என் வாயை அடைத்தது.

என் மனைவியின் தம்பி பெயரும் லூக்காஸ். மௌலா அலியில் இருக்கிறான். கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு வந்து, மட்டன் துண்டைக் கையில் எடுத்த நேரம் மேலேயிருந்து சத்தம்.

"லூக்காஸ்! நைன்! ப்ளாட்ஸ்!"

நைன் என்றால் கூடாது, ப்ளாட்ஸ் என்றால் படு என்று அர்த்தம். என் மகள் சிரித்துப் புரைக்கேறி எழுந்து ஓடினாள். என் மனைவி மேலே போய், "மேடம், அது என் தம்பி பெயர்" என்று சொன்னாள். தொரசானிக்கு ஒரே சந்தோஷம். "அப்படியா! எவ்வளவு அழகான பெயர்!" என்று நாயையும் இழுத்துக்கொண்டு கீழே வந்து மச்சினனுக்குக் கை கொடுத்தாள். ஈஸ்டருக்கு அவன் வரவில்லை. உடம்பு சரியில்லை என்றான்.

நாய்க்கு ஜெர்மன் பாஷைதான். அதில் அவள் கறார். ஒன்பது வார்த்தைகளை இங்கிலீஷ் எழுத்தில் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் அர்த்தம் போட்டு, மாடிப்படிச் சுவரில் ஒட்டினாள். வீட்டில் யாரும் நாயிடம் வேறு எந்த பாஷையும் பேசக் கூடாது. பேசினால் அது குழம்பிவிடுமாம். எங்கள் வீட்டிலோ ஒரு வாக்கியத்தில் நாலு பாஷை ஓடும். நானும் என் மனைவியும் திருநெல்வேலித் தமிழ். மகள் பாதி இங்கிலீஷ், பாதி ஹிந்தி. வேலைக்கு வருகிற அம்மாள் தெலுங்கு. மனுஷருக்கு இல்லாத ஒரே பாஷை ஒழுங்கு நாய்க்கு. சிட்ஸ் என்றால் உட்காரும். கொம் என்றால் வரும். ப்ளைப் என்றால் இருந்த இடத்திலேயே இருக்கும். யாராவது கொம் என்று சொல்கிறவரை அசையாது.

ஒருநாள் மாடிப்படி நடுவில் நாயிடம் ப்ளைப் என்று சொல்லிவிட்டுப் போன் பேசப் போய்விட்டாள். ஒரு மணி நேரம். துவைத்த துணி வாளியோடு என் மனைவி கீழ்ப்படியில் நிற்கிறாள். நாய் வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

"ச்சீ, போ! எந்திரி! ஹட்! சல்!" என் மனைவிக்குத் தெரிந்த எல்லா பாஷையும் தீர்ந்துபோனது. நாய் பாவமாகப் பார்த்ததே தவிர நகரவில்லை. "ஏங்க, இந்தச் சனியன் சிலை மாதிரி உக்காந்திருக்கு. அந்தத் தாளைப் பாத்து ஏதாச்சும் சொல்லுங்க!"

நான் தாளைப் பார்த்துக் "கொம்" என்றேன். நாய் குதித்து இறங்கி வந்து என் காலை நக்கியது. அன்றைக்குத் தெருவில் இஸ்திரி வண்டிக்காரன் கேட்டான். "க்யா சாப், குத்தே கோ அங்கிரேஜி ஆத்தா?" நாய்க்கு இங்கிலீஷ் வருமா என்று கிண்டல். "ஹவ், தேரே சே ஜாஸ்தி" என்றேன். அவனைவிட அதிகமாக வரும் என்று. இரண்டு பேரும் சிரித்தோம். இப்போது அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

அசிங்கங்கள் நிறைய. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டு நுரையீரலை வேக வைப்பாள். நாங்கள் வெள்ளைத் துணி உடுத்திச் சர்ச்சுக்குக் கிளம்பும் நேரம் அந்த நாற்றம் படியிறங்கி எங்களோடு வரும். நாய்க்குப் பல் தேய்த்துவிடுவாள். அது அவள் கட்டிலில், அவள் தலையணையில் தூங்கும். ஒரு தடவை என் மனைவி தட்டில் ரவைப் பணியாரம் கொடுத்தனுப்பினாள். நான் மோட்டாரைப் போடப் போனபோது, அந்தத் தட்டை நாய் நக்கிக்கொண்டிருந்தது. மேடம் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்து சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"என் கல்யாணத் தட்டுங்க அது! அம்மா குடுத்த தட்டு! அதை நாய் நக்குதா?"

"கழுவித்தானே குடுப்பா."

"கழுவுனா சரியாப் போச்சா? அப்ப நீங்க அதுல சாப்பிடுதீயளா? இன்னைக்கு ராத்திரி அதுலதான் போடுவேன், சாப்பிடுதீயளா?"

"நக்கோ," என்றேன். இந்த ஊர் ஹிந்தியில் வேண்டாம் என்று அர்த்தம்.

மகள் மட்டும் அவளுக்கு வக்கீல். "டாடி, ஷி இஸ் லோன்லி. கைக்கு எப்பப் பாத்தாலும் அவங்களையே குறை சொல்றீங்க?" கைக்கு என்றால் இந்த ஊரில் ஏன்.

எதைச் சொன்னாலும் மேடத்திடம் ஒரே பதில்தான். தண்ணீர்த் தொட்டி வழிகிறது என்றாலும், நாய் பக்கத்து வீட்டுச் செருப்பைக் கடித்துவிட்டது என்றாலும், கையை விரித்து, "எல்லாம் நன்றாகத்தான் இருக்கும் சார்" என்பாள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே ஆறு நாடு சுற்றியிருக்கிறாள்.

இதையும் எழுதியாக வேண்டும். குட்டிக்கு எட்டு மாதம் இருக்கும்போது வயிற்றுப்போக்கு கண்டது. ரத்தமாகப் போனது. பிழைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேடம் நாலு நாள் வேலைக்குப் போகவில்லை. தரையில் உட்கார்ந்து, சிரிஞ்சில் உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அதன் கடைவாயில் விட்டாள். அது கக்கும். துடைப்பாள். பின்னால் போகும். துடைப்பாள். மறுபடியும் சொட்டு. அந்த அறைக்குள் என்னால் அரை நிமிடம் நிற்க முடியவில்லை, மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். ஐந்தாம் நாள் நாய் எழுந்து நின்றது. அவள் படியில் உட்கார்ந்து என் மனைவியின் தோளில் சாய்ந்து அழுதாள். என் மனைவி தட்டுச் சண்டையை மறந்து தானும் அழுதாள்.

அவள் பாசம் பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது.

இரண்டரை வருடம் முடியும்போது கம்பெனி ஒப்பந்தமும் முடிந்தது. அடுத்து வியட்நாம். விடைபெறும் முன் எங்களை மாடிக்கு டீக்குக் கூப்பிட்டாள். நான் சும்மா இருக்க முடியாமல் சுவரைக் காட்டிக் கேட்டேன்.

"இதெல்லாம் எப்படிச் செத்துச்சு மேடம்?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "செத்ததா? ஐயோ, இல்லை சார்! ஒன்றுகூடச் சாகவில்லை. எல்லாம் நன்றாக இருக்கின்றன."

"எங்கே?"

"அதது அதன் ஊரில்."

"யார்கிட்ட?"

"அதன் குடும்பத்தோடு. எங்கே கண்டெடுத்தேனோ அங்கேயே கொண்டுபோய் விட்டேன். கழுத்துப்பட்டையைக் கழற்றினேன். சுதந்திரம்."

டீக் கோப்பையைக் கீழே வைத்தேன். ஐந்து கண்ணாடிக்குள்ளிருந்தும் ஐந்து மிருகங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஆறாவது அவள் காலடியில், அவள் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது. அதற்கு மேலே சுவரில், நான் அடித்த ஆணி.

மகள் விடவில்லை. நாயை விமானத்தில் கொண்டுபோக என்னென்ன வேண்டும் என்று போனில் தேடி எடுத்தாள். தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, ஒரு கூண்டு, கொஞ்சம் காகிதம். அலைச்சல்தான், ஆனால் நடக்கிற காரியம். மேடம் பொறுமையாகப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"வேண்டாம் கண்ணே. அது கொடுமை. லூக்காஸ் இந்தியன். அங்கே போனால் அந்நியனாக இருப்பான். அந்நியனாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்."

மகள் இறங்கி வந்துவிட்டாள். அன்றைக்கு வக்கீல் வேலையை ராஜினாமா செய்தவள்தான்.

"நீங்கள் வைத்துக்கொள்கிறீர்களா?" என்று மேடம் என்னைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

கிளம்பும் நாள், காலை பத்து மணிக்குக் கார் வந்தது. பெட்டிகளை ஏற்றியதும் நாயைக் கூட்டிக்கொண்டு சுவர் ஓட்டைக்கு நடந்தாள். நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். மண்ணில் முட்டி போட்டாள். சிவப்புக் கழுத்துப்பட்டையைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்தாள். வாயில் முத்தம் கொடுத்தாள். மூக்கு ஒழுக ஒழுக அழுதாள். எழுந்து இரண்டடி நடந்தாள். நாயும் கூடவே வந்தது. திரும்பி, கையை உயர்த்தி ஒரு வார்த்தை சொன்னாள்.

"ப்ளைப்."

நாய் உட்கார்ந்தது. கார் போய்விட்டது.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். போய்விடும், நாய்தானே, ஓட்டை வழியாக உள்ளே போய் மற்ற நாய்களோடு சேர்ந்துகொள்ளும் என்று நினைத்தேன். பேப்பர் படித்தேன். குளித்தேன். பன்னிரண்டு மணிக்கு என் மனைவி ஜன்னலில் நின்று சொன்னாள்.

"ஏங்க, அது இன்னும் அங்கனயே உக்காந்திருக்கு."

"உக்காரட்டும்."

"வெயிலு கொளுத்துது. நிழல் நாலடியிலதான் இருக்கு. நிழலுக்குக்கூடப் போகமாட்டேங்கு."

"போகும். சாப்பாட்டைப் போடு."

சாப்பிட்டேன். மீன் குழம்பு. ருசித்துத்தான் சாப்பிட்டேன். கை கழுவும்போது சத்தம் கேட்டது. சுவர் ஓட்டை வழியாக நாலைந்து நாய்கள் வந்திருந்தன. மேடம் சொன்ன குடும்பம். சோப்பு வாசனை அடிக்கிற, குரைக்கத் தெரியாத இந்தப் பிராணியை அவற்றுக்கு அடையாளம் தெரியவில்லை. ஒன்று காதைப் பிடித்தது. இன்னொன்று தொடையை. இஸ்திரிக்காரன் கல்லெடுத்து எறிந்துகொண்டிருந்தான். "பாக் ரே! பாக்!" ஓடு, ஓடு என்று கத்தினான். எங்கள் நாய் திருப்பிக் கடிக்கவில்லை. ஓடவில்லை. கத்தியது, நடுங்கியது, உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தே இருந்தது.

அவள் இரு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். வா என்று சொல்ல மறந்துவிட்டாள்.

எச்சில் கையோடு தெருவுக்கு ஓடினேன். நாய்கள் என்றால் எனக்குப் பிடிக்காது, பயமும் உண்டு. தொண்டை கிழியக் கத்தினேன்.

"கொம்! லூக்காஸ், கொம்! கொம்!"

வந்தது. மூன்று காலில் வந்தது. வந்து, ரத்தம் வழிகிற முகத்தை என் வேட்டியில் துடைத்துக்கொண்டு என் கையில் ஒட்டியிருந்த மீன் குழம்பை நக்கியது. குமட்டிக்கொண்டு வந்தது. கையை எடுக்கவில்லை.

அதன் ஒரு காது பாதிதான் இப்போது. எட்டு வருடம் ஆகிறது. எனக்கு இன்றும் நாய் பிடிக்காது. கட்டிலில் ஏற விடுவதில்லை, வாயைக் கிட்டே கொண்டுவந்தால் தள்ளிவிடுவேன். தமிழ் கற்றுக்கொடுத்துப் பார்த்தோம். "வா" என்றால், யாரையோ கூப்பிடுகிறோம் என்று பின்னால் திரும்பிப் பார்க்கிறது. அதனால் என் மனைவியும் தெருவில் நின்று ஜெர்மனில் கத்துகிறாள். சந்து நாய்கள் இதைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. பிறந்த சாக்கடைக்கு இருபதடி தள்ளி இது வெளியூர்க்காரனாகவே இருக்கிறது. அந்நியனாக இருப்பது கஷ்டம் என்று சொன்னாளே, அதை இங்கேயே செய்து வைத்துவிட்டுப் போனாள். மாலை ஆறு மணிக்கு, அவள் கம்பெனிக் கார் வருகிற நேரத்துக்கு, கேட்டருகே போய் எழுந்து நிற்கும். எழுந்து நிற்க ஆள் வேண்டும் என்றாள். நிற்கிறது.

நான் அவளுக்கு எதையும் எழுதவில்லை. போன வாரம் அவளாகவே போனில் ஒரு படம் அனுப்பினாள். நடுவில் வேறொரு நாட்டுக்குப் போய்விட்டு மறுபடியும் வியட்நாமாம். பழைய நம்பர்களைத் துழாவினாளாம். "உங்கள் ஊரை நினைத்துக்கொண்டேன் சார்! என் லூக்காஸ் நன்றாகத்தான் இருப்பான்!" என்று ஒரு வரி.

படத்தில் மேடம் இன்னும் நரைத்திருந்தாள். மடியில் ஒரு கறுப்பு நாய்க்குட்டி. பின்னால் சுவரில் வரிசையாகச் சட்டங்கள். ஆறாவதில் செம்மண் நிறம், சிவப்புப் பட்டை. காது இரண்டும் முழுசாக இருந்தன. அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு சேர்ந்திருந்தன. கடைசியில் வெறும் ஆணி ஒன்று. பக்கத்தில் அந்த வீட்டுக்காரி நின்றாள், சின்ன உருவம், கையில் பலகாரத் தட்டு. வெளிநாட்டுக்காரி நம் வீட்டில் இருக்கிறாள் என்று என் மனைவி சிரித்த அதே சிரிப்பு.

என் மனைவி போனை வாங்கிப் பார்த்தாள்.

"பாவம். தட்டைக் குடுத்திட்டு நிக்கா," என்றாள். "தொரசானியை ரெண்டு கேள்வி நறுக்குன்னு கேளுங்க."

"கேட்டா? எல்லாம் நல்லாத்தான் இருக்கும்பா."

கேட்கவில்லை. உங்கள் வீட்டுக்கார அம்மாளுக்கு வணக்கம் சொல்ல வேண்டும், நம்பர் கொடுங்கள் என்று எழுதினேன். உடனே கொடுத்தாள், கூடவே ஒரு இதயப் படம். மாடிப்படிச் சுவரில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது, மஞ்சளடித்துப் போய். மகள் அதைப் போட்டோ எடுத்து, நான் சொன்னதை வியட்நாம் பாஷைக்குப் போனிலேயே மாற்றி, அந்த அம்மாளுக்கு அனுப்பினாள். நாலே வரி.

அம்மா, இந்தப் பெண் போகும்போது நாயை உங்கள் தெருவில் உட்கார வைத்துவிட்டுப் போவாள். அன்றைக்கு அதற்கு இந்த ஒன்பது வார்த்தைகளைத் தவிர வேறு எதுவும் புரியாது. ஒன்பதையும் இப்போதே படித்து வையுங்கள். முடியாவிட்டால் 'கொம்' என்ற ஒன்றை மட்டுமாவது சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்.